19650809: தேசிய தினத் தேதியை ஓர் எண்ணாகப் பார்த்தால்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். மகள் உயர்நிலை 1 படிக்கிறாள். தேசிய தினத்தையொட்டி, சிங்கப்பூர் தனி நாடான 1965 ஆகஸ்ட் 9-ஐ ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் சேர்த்தெழுதினால் வரும் 19650809 என்ற எண்ணின் பண்புகளை ஒரு பக்கத்தில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். இணையக் கணிப்பான் ஒன்றில் போட்டுப் பார்த்தால் முப்பதுக்கு மேல் பண்புகள் வந்து விழுகின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று புரியவில்லை. அது பகா எண்ணா என்று அவள் கையாலேயே கண்டுபிடிக்க முடியுமா என்றும், தாத்தா சொல்லும் ‘கூட்டு எண் 2’ கணக்கில் சேருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி ஒன்றுதான்: ஓர் எண்ணைப் பற்றிச் சொல்லப்படுவனவற்றில் எவை அந்த எண்ணுக்கே சொந்தம், எவை நாம் அதைப் பத்து இலக்கங்களைக் கொண்டு எழுதுவதால் மட்டும் வருபவை?

அவ்வளவு கூழாங்கற்களை ஒரு குவியலாகக் கொட்டி வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குவியலை 23 சம வரிசைகளாக அடுக்க முடியும் என்பது குவியலின் பண்பு. எந்த நாட்டுக்காரர் எந்த எழுத்தில் எழுதினாலும் அது மாறாது. இலக்கங்களைக் கூட்டினால் 38 என்பது எழுத்தின் பண்பு. 0, 1 என்ற இரண்டே இலக்கம் கொண்ட பைனரியில் எழுதினால் 38 காணாமல் போய்விடும். முதல் வகைதான் கணிதத்தில் எடை உள்ளது. அந்த வகையில் ஏறக்குறைய எல்லாமே ஒரே வரியிலிருந்து பிறக்கின்றன: 19650809 = 23 × 854383, இரண்டும் பகா எண்கள். ஆகவே உங்கள் எண் பகா எண் அல்ல. பள்ளியில் பிரைம் நம்பர், ஃபேக்டர் என்று படிப்பதைத்தான் இங்கே பகா எண், காரணி என்கிறேன்.

அந்த வரிக்குக் கையால் எப்படி வந்து சேர்வது என்பதுதான் அவள் எழுத வேண்டியதில் பாதி. 4432-இன் வர்க்கம் 19642624, 4433-இன் வர்க்கம் 19651489. நம் எண் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. எனவே அது பகு எண்ணாக இருந்தால் 4432-க்கு உட்பட்ட ஒரு பகா எண் அதைக் கட்டாயம் வகுக்கும். அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. 2-ஐயும் 5-ஐயும் கடைசி இலக்கமான 9 தள்ளிவிடுகிறது. இலக்கக் கூட்டுத்தொகை 38 என்பதால் 3-உம் போயிற்று. 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் பார்க்க ஒரு வழி உண்டு. 7 × 11 × 13 = 1001. ஆதலால் எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் வரும் சிறிய எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் இந்த மூன்றிலும் ஒரே மீதிதான் வரும். 809 − 650 + 19 = 178. அதை 7-ஆல் வகுத்தால் மீதி 3, 11-ஆல் 2, 13-ஆல் 9. மூன்றும் இல்லை.

இந்த இடத்தில் நம் வீடுகளில் மட்டும் நடக்கக்கூடிய ஒரு தவறு இருக்கிறது. பள்ளியில் 19,650,809 என்று மில்லியன் கணக்கில் காற்புள்ளி போடுவார்கள். ஊரில் படித்த தாத்தா 1,96,50,809 என்று கோடி, லட்சமாகப் பிரிப்பார். ஒரு கோடியே தொண்ணூற்றாறு லட்சத்து ஐம்பதாயிரத்து எண்ணூற்று ஒன்பது. வாசிக்க இரண்டும் சரி. ஆனால் மேலே சொன்ன சோதனையைக் கோடிக் காற்புள்ளியை வைத்துச் செய்தால் 809 − 50 + 96 − 1 = 854 வரும். 854 என்பது 7 × 122. ‘ஆகா, 7-ஆல் வகுபடும்’ என்று எழுதிவிடுவாள், அது பிழை. 1001 என்பது 1000-க்குப் பக்கத்தில் இருப்பதால்தான் சோதனை வேலை செய்கிறது, அதனால் மும்மூன்றாகப் பிரித்தால் மட்டுமே செல்லும்.

17-ஐயும் 19-ஐயும் நேரடியாக வகுத்துப் பார்ப்பதே சுலபம்; மீதி முறையே 16, 2. அடுத்தது 23. இதற்கு ஓர் அழகான குறுக்கு வழி உண்டு. 7 × 10 = 70, அதில் 69 என்பது 23-இன் மூன்று மடங்கு, மிஞ்சுவது 1. அதனால் கடைசி இலக்கத்தை வெட்டி, அதன் ஏழு மடங்கை மிச்சமிருக்கும் எண்ணோடு கூட்டினால், பழைய எண் 23-ஆல் வகுபடும்போது மட்டுமே புதியதும் வகுபடும். செய்து பாருங்கள். 19650809: கடைசி 9-ஐ வெட்டி, 1965080-உடன் 63-ஐக் கூட்டினால் 1965143. அதில் 3-ஐ வெட்டி 21-ஐக் கூட்டினால் 196535. அடுத்து 19653 + 35 = 19688. அடுத்து 1968 + 56 = 2024. அடுத்து 202 + 28 = 230. அடுத்து 23 + 0 = 23. பிடிபட்டது. வழியில் வந்த 2024-உம் 23-இன் மடங்குதான், 88 மடங்கு. ஒரு எச்சரிக்கை: இந்த வழி வகுபடுமா படாதா என்பதை மட்டும் சொல்லும். வகுபடாத எண்ணில் கடைசியாக நிற்பதை ‘மீதி’ என்று எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு வெட்டிலும் மீதி மாறிக்கொண்டே வரும்.

வகுத்தால் 854383. இங்கேதான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். சிறிய பகா எண்கள் நாலைந்தை வைத்துப் பார்த்துவிட்டு, ‘இது பகா எண்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். 924-இன் வர்க்கம் 853776, 925-இன் வர்க்கம் 855625. ஆக 924 வரை உள்ள பகா எண்கள் அத்தனையையும் பார்த்தாக வேண்டும். அவை 157. முதல் எட்டை, அதாவது 19 வரை உள்ளவற்றை, மறுபடி பார்க்க வேண்டாம். பெரிய எண்ணையே வகுக்காதவை அதன் காரணியை எப்படி வகுக்கும்? 23-ஐ மட்டும் திரும்பவும் பார்க்க வேண்டும், 23 இரண்டு தடவை வரலாம் அல்லவா? வகுத்தால் மீதி 2, இரண்டாவது தடவை இல்லை. ஆக 23 முதல் 919 வரை 149 வகுத்தல்கள். கணிப்பானில் ஒன்றுக்குப் பத்து விநாடி என்றாலும் இருபத்தைந்து நிமிடம். சலிப்பான வேலைதான், ஆனால் உயர்நிலை 1 பிள்ளையால் முடியாத வேலை இல்லை. விடையில் புள்ளிக்குப் பின் வருவதைக் கண்ணால் மேய்ந்து போனால் ஏமாறும் இடங்கள் சில உண்டு, இரண்டை மட்டும் சொல்கிறேன்: 797 × 1072 = 854384, ஒன்று கூடுதல்; 131 × 6522 = 854382, ஒன்று குறைவு. 797-ஆல் வகுத்தால் திரையில் 1071.9987 என்று தெரியும், அதை 1072 என்று முழுமையாக்கிவிட்டால் கதை முடிந்தது. 149-ஐயும் வகுத்துப் பார்த்தால் ஒன்றுகூடச் சரியாக வகுபடாது. 854383 பகா எண் என்பது அப்போதுதான் நிலைபெறுகிறது. அது ஊகம் இல்லை, நிரூபணம்.

சில அறிவியல் கணிப்பான்களில் பகாக் காரணிகளாகப் பிரித்துக் காட்டும் வசதி இருக்கிறது. விடையில் ஒரு பகுதி அடைப்புக்குறிக்குள் வந்தால், ‘இதற்கு மேல் என்னால் பிரிக்க முடியவில்லை’ என்று அது கைவிரிக்கிறது என்று அர்த்தம். அதைப் பகா எண் என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை. அந்த வசதியைச் சரிபார்க்கப் பயன்படுத்தலாம். அதையே வழிமுறையாக எழுதினால் அந்தப் பக்கத்தில் அவள் செய்தது என்று எதுவும் இருக்காது.

149 வகுத்தல் வேண்டாம், இதைவிட நேர்த்தியான வழி இல்லையா என்று கேட்கும் பிள்ளையாக இருந்தால் (அப்படிக் கேட்டால் நல்லதுதான்) இதைக் காட்டுங்கள். பகா எண் ஒன்றை எடுத்து, 2-ஐ அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். இது ஃபெர்மாவின் சிறு தேற்றம் (2-ஐ மட்டும் விட்டுவிடுங்கள்). 2-இன் 854382-ஆம் அடுக்கை 854383-ஆல் வகுத்தால் மீதி 1-தான் வருகிறது. ஆனால் இதை மட்டும் வைத்துப் பகா எண் என்று சொல்ல முடியாது. 341 இதே சோதனையில் தேறும், அதுவோ 11 × 31. எனவே இது வலுவான சந்தேகமே தவிர முடிவு இல்லை. சந்தேகத்தை முடிவாக்கும் வழியை 1914-இல் போக்லிங்டன் என்பவர் கொடுத்தார்: எண்ணில் ஒன்றைக் குறைத்துக் காரணிகளாக்குங்கள், வரும் பகாக் காரணிகளில் ஒன்று மூல எண்ணின் வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருந்தால், இன்னும் ஒரே ஒரு சோதனை போதும். ஒன்று குறைத்த எண்ணை அந்தப் பெரிய காரணியால் வகுத்து, 2-ஐ அந்த ஈவு அடுக்குக்கு உயர்த்தி ஒன்று குறைத்தால் வருவதற்கும் மூல எண்ணுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக்காரணி இருக்கக் கூடாது.

854382-ஐக் காரணியாக்கும்போது ஒரு வேடிக்கை தெரிகிறது. அது 2 × 3 × 131 × 1087. 1965-ஐக் காரணியாக்கினால் 3 × 5 × 131. ஆண்டில் இருக்கும் அதே 131 இங்கே எப்படி வந்தது? தற்செயல் போலத் தோன்றும். ஆனால் காரணத்தைத் துரத்திப் பிடிக்கலாம். நம் எண்ணிலிருந்து 23-ஐக் கழித்தால் 19650786. அதன் முன்பாதி 1965, அதாவது 15 × 131. பின்பாதி 0786, அதாவது 6 × 131. இரண்டு பாதியும் 131-இன் மடங்கு என்பதால் முழுதும் மடங்கு: 131 × 150006. அதையே 23-ஆல் வகுத்தால் 131 × 6522, அதாவது 854382. 809-க்கும் 23-க்கும் இடையே உள்ள வித்தியாசம் 131-இன் ஆறு மடங்காக அமைந்துபோனது ஒன்றுதான் இங்கே தற்செயல். மற்றதெல்லாம் அதன் விளைவு. இனி மிச்சச் சோதனை. 1087 பகா எண், 924-ஐவிடப் பெரியது. 854382-ஐ 1087-ஆல் வகுத்தால் 786. (786-ஐப் பார்த்ததும் பிஸ்மில்லாவை நினைக்கும் அண்டைவீட்டார் நமக்கு உண்டு. 809-இல் 23 போனாலும் 786-தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.) 2-இன் 786-ஆம் அடுக்கை 854383-ஆல் வகுத்தால் மீதி 107874. அதில் ஒன்று குறைத்து, 107873-க்கும் 854383-க்கும் மீப்பெரு பொதுக்காரணி பார்த்தால் 1. முடிந்தது, 854383 பகா எண். 149 வகுத்தலும் இந்த வழியும் ஒரே இடத்தில் கொண்டுவந்து விடுகின்றன.

இந்தக் கணக்கைக் கணிப்பானில் செய்யும்போது தவறுவது ஓரிடத்தில்தான். அடுக்கை ஏற்ற, மீதியை வர்க்கமாக்கி மறுபடி மீதி எடுத்துக்கொண்டே போக வேண்டும். ஆறு இலக்க எண்ணின் வர்க்கம் பன்னிரண்டு இலக்கம் வரை போகும். பத்து இலக்கத் திரை கடைசி இரண்டை விழுங்கிவிடும், மீதி மொத்தமும் குப்பை. காகிதத்தில் 387393-ஐ 387000 + 393 என்று உடைத்து வர்க்கமாக்குவதுபோலச் செய்தால் ஒரு இலக்கமும் தொலையாது.

காரணிகள் கையில் வந்துவிட்டால் மற்றப் பண்புகளை எழுதப் பெரிய முயற்சி தேவையில்லை. காரணிகள் நான்கே: 1, 23, 854383, 19650809. கூட்டினால் 24 × 854384 = 20505216. தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை வெறும் 854407, எண்ணைவிட மிகக் குறைவு. இதைத்தான் இணையக் கணிப்பான் ‘குறைவெண்’ என்று காட்டியிருக்கும். இரண்டு பகாக் காரணி மட்டும் உள்ள ஒற்றைப்படை எண்கள் எல்லாமே இப்படித்தான் இருக்கும், அதனால் பெருமைப்பட ஒன்றுமில்லை. நான்கு காரணிகளின் சராசரி 5126304, முழு எண். எந்தப் பகா எண்ணும் இரண்டு தடவை வராததால் 1-ஐத் தவிர எந்த வர்க்க எண்ணும் இதை வகுக்காது. 1-இலிருந்து இந்த எண் வரை, இதனோடு 1-ஐத் தவிரப் பொதுக்காரணி இல்லாத எண்கள் எத்தனை என்றால் 22 × 854382 = 18796404. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் சற்று மேல். மீப்பெரு பொதுக்காரணி, மீச்சிறு பொதுமடங்கு அவள் பாடத்திலேயே இருப்பவை; 2024-ஐ இணையாக எடுத்துக்கொண்டால் 2024 = 8 × 11 × 23 என்பதால் பொதுக்காரணி 23, பொதுமடங்கு 19650809 × 88 = 1729271192.

வர்க்கங்களைப் பற்றிய பகுதி இந்த எண்ணில் மிகச் சுவையானது, ஒரு கண்ணியும் இருக்கிறது. ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா? 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் எண்ணை ஒருபோதும் முடியாது. நம் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 09, மீதி 1. ஆகவே முடியும் என்று பலர் எழுதிவிடுவார்கள். மீதி 1 என்பது கதவு பூட்டவில்லை என்று மட்டும் சொல்கிறது. உள்ளே போக இன்னொரு நிபந்தனை உண்டு. 4-ஆல் வகுத்து மீதி 3 வரும் ஒவ்வொரு பகாக் காரணியும் இரட்டைப்படைத் தடவை வர வேண்டும். 23-க்கும் மீதி 3, 854383-க்கும் மீதி 3, ஒவ்வொன்றும் ஒரே தடவைதான் வருகிறது. இரண்டு மூன்றுகளும் பெருகி 9 ஆகி, 1 என்ற மீதியாக வேஷம் போட்டிருக்கின்றன. ஆகவே முடியாது. மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும்: 4432-இன் வர்க்கம் 19642624, 88-இன் வர்க்கம் 7744, 21-இன் வர்க்கம் 441, மூன்றையும் கூட்டுங்கள், 19650809. 88-க்கும் 21-க்கும் பதிலாக 83-ஐயும் 36-ஐயும் வைத்தாலும் வரும். நான்கு வர்க்கமாக எந்த நேர்ம முழு எண்ணையும் எழுதலாம் என்று லக்ராஞ்சி 1770-இலேயே நிறுவிவிட்டார், ஆகவே அதை இந்த எண்ணின் பண்பு என்று எழுதுவதில் பொருளில்லை.

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடியுமா என்றால், சரியாக இரண்டே வழி. 427203-இன் வர்க்கத்திலிருந்து 427180-இன் வர்க்கத்தைக் கழிப்பது ஒன்று. இரண்டு எண்களின் வித்தியாசம் 23, கூட்டுத்தொகை 854383 என்று பார்த்தவுடன் விளங்கும். மற்றது 9825405, 9825404 என்ற அடுத்தடுத்த எண்கள், எந்த ஒற்றைப்படை எண்ணுக்கும் இப்படி ஒரு வழி இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுக் காரணி தேடும் முறையும் ஃபெர்மாவினுடையதுதான்: வர்க்கமூலத்துக்குச் சற்று மேலே 4433-இல் தொடங்கி, ஒவ்வொன்றின் வர்க்கத்திலிருந்தும் நம் எண்ணைக் கழித்து, மிச்சம் வர்க்க எண்ணா என்று பார்த்துக்கொண்டே ஏறுவது. முதல் படியில் மிச்சம் 680, வர்க்கம் அல்ல. இப்படியே 427203 வரை ஏற 422771 படிகள். சாதாரண வகுத்தலில் ஒன்பதாவது பகா எண்ணிலேயே அகப்பட்டதற்கு இந்த முறையில் நான்கு லட்சத்துக்கு மேல் படி. காரணிகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும்போதுதான் இது வேகமாக ஓடும். 23-உம் எட்டரை லட்சமும் அப்படியா இருக்கின்றன?

அடுத்தடுத்த நேர்ம எண்களின் கூட்டுத்தொகையாக மூன்று விதத்தில் எழுதலாம். 9825404 + 9825405 என்பது ஒன்று. 854372 முதல் 854394 வரை உள்ள 23 எண்கள் இன்னொன்று. நடுவில் நிற்பது 854383. மூன்றாவதைக் கண்டுபிடிப்பதில் ஒரு விளையாட்டு இருக்கிறது. 23-ஐ நடுவில் வைத்து 854383 எண்களை அடுக்கினால் வரிசை −427168-இல் தொடங்கி 427214-இல் முடியும். எதிர்மம் எல்லாம் அதே அளவுள்ள நேர்மத்தோடு அடித்துக்கொண்டு போக, மிஞ்சுவது 427169 முதல் 427214 வரை 46 எண்கள். கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.

இனி எழுத்தைச் சார்ந்த பண்புகள். கூட்டு எண் 2 என்று தாத்தா சொன்னது கணக்காகச் சரி: 38, பிறகு 11, பிறகு 2. அது 9-ஆல் வகுத்தால் வரும் மீதி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இலக்கங்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் அதே 2 வரும். வகுத்தலையும் பெருக்கலையும் சரிபார்க்க இது நல்ல கருவி: 23-க்கு மீதி 5, 854383-க்கு மீதி 4, பெருக்கினால் 20, மீண்டும் 2. பெயர் ராசிக்கும் அதிர்ஷ்டத்துக்கும் இது துணை நிற்காது. தாத்தாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு. தலைகீழாக எழுதினால் 90805691. அதோடு மூல எண்ணைக் கூட்டினால் 110456500, 11-ஆல் வகுபடும். இரட்டைப்படை எண்ணிக்கையில் இலக்கம் உள்ள எந்த எண்ணுக்கும் இது நடக்கும். இலக்கங்களின் வர்க்கங்களைத் திரும்பத் திரும்பக் கூட்டினால் 288, 132, 14, 17, 50, 25, 29, 85, 89 என்று போய்ச் சுழலில் மாட்டிக்கொள்ளும், 1-ஐத் தொடாது. இதைத்தான் ‘மகிழ்வெண் அல்ல’ என்கிறார்கள். பைனரியில் எழுதினால் 1 0010 1011 1101 1000 1111 1001. 25 இடங்கள், அவற்றில் 15 ஒன்றுகள்.

எழுத்தைச் சார்ந்த மீதிகள் எல்லாமே வெறும் விளையாட்டு என்று சொல்லவில்லை. இங்குள்ள அடையாள அட்டை எண்ணின் கடைசி எழுத்து அப்படிப்பட்ட ஒன்றுதான். ஏழு இலக்கங்களையும் 2, 7, 6, 5, 4, 3, 2 என்ற எடைகளால் பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்த மீதியிலிருந்து அந்த எழுத்து வருகிறது என்பது பரவலாக அறியப்பட்ட முறை. 11 பகா எண் என்பதால் ஓர் இலக்கம் பிழையானாலோ, அடுத்தடுத்த இரண்டு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறினாலோ மீதி கட்டாயம் மாறும், பிழை பிடிபடும். முதலும் கடைசியும் ஒரே எடை என்பதால் அவை இரண்டும் இடம் மாறினால் மட்டும் தப்பிவிடும்.

இந்த எண் ‘விசேஷமானதா’ என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இந்த அளவுள்ள எண்களில் ஏறக்குறைய 17-க்கு ஒன்று பகா எண். 1896-இல் ஹடமாரும் டி லா வல்லே பூசானும் தனித்தனியே நிறுவிய தேற்றத்திலிருந்து வரும் மதிப்பீடு இது. 1, 3, 7, 9-இல் முடிபவற்றை மட்டும் எடுத்தால் ஏழுக்கு ஒன்றுக்குப் பக்கம். சராசரிக் கணக்குதான், ஒரு குறிப்பிட்ட எண்ணைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அந்த வாய்ப்பு நம் எண்ணுக்குத் தவறிப்போயிற்று, அவ்வளவே. 23-ஆல் வகுபடுவதற்கும் நாடு விடுதலை அடைந்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு பகா எண்களின் பெருக்கல் என்ற வகை மட்டும் பிரபலமானது, இணையப் பாதுகாப்பில் அதன்மேல் கட்டிய முறைகள் உள்ளன. ஆனால் அங்கே இரண்டு காரணியும் மிகப் பெரியவை. ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண், ஏராளமான கணினிகளின் உழைப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில்தான் உடைந்தது. 23-ஐ ஒரு காரணியாக வைத்த பூட்டைத் திறக்க உங்கள் மகளே போதும்.

ஒரு பக்கம்தான் இடம் என்பதால், 23-இன் வெட்டிக் கூட்டும் சோதனையை முழுதாகவும், 924 வரை ஏன் போக வேண்டும் என்பதையும், இரண்டு வர்க்கக் கண்ணியையும் எழுதட்டும். கூட்டு எண்ணுக்கு ஒரு வரி போதும். இடம் மிஞ்சினால் தேதியை நாள், மாதம், ஆண்டு என்று நாம் வழக்கமாக எழுதும் வரிசையில் 09081965 என்று போட்டுப் பார்க்கட்டும். முன்னாலுள்ள சுழி உதிர்ந்து 9081965 ஆகிவிடும். கூட்டு எண் அதே 2. காரணிகளோ முற்றிலும் வேறு. 5-ஆல் வகுத்தால் 1816393. அதற்கு 7, 11, 13 சோதனையில் 816 − 393 − 1 = 422, மூன்றும் இல்லை; 17, 19, 23-உம் இல்லை. 29-இலிருந்து அவள் தொடரலாம். எல்லை 1347.